ஜப்பானில் சாக்கே: என்ன கேட்டு வாங்குவது, எப்படிப் பருகுவது

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்களில் மதுப்பழக்கம் உள்ளவர்கள் சாக்கேயைத் தொடாமல் திரும்புவதில்லை. ஆனால் அவர்களில் பலர், நாக்கைச் சுடும் அளவுக்குச் சூடாக்கிய மலிவான ஒரு குடுவையோடு நிறுத்திக்கொண்டு, 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள். குறை சாக்கேயிடம் இல்லை, கேட்டு வாங்கிய விதத்தில் இருக்கிறது.

முதலில் பெயர். ஜப்பானிய மொழியில் 'சாக்கே' என்பது எல்லா மதுவுக்கும் பொதுப்பெயர். பீரும் சாக்கேதான், விஸ்கியும் சாக்கேதான். அரிசியில் செய்யும் இந்த மது வேண்டுமென்றால் 'நிஹோன்ஷு' என்று கேட்க வேண்டும். இது காய்ச்சி வடிக்கும் சாராயம் அன்று. ஆவியில் வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்னும் பூஞ்சையைத் தூவி வளர்த்து, அதனோடு நீரும் ஈஸ்ட்டும் மேலும் அரிசியும் சேர்த்து நொதிக்க வைத்துப் பிழிகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாவதும் அந்தச் சர்க்கரை மதுவாவதும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் நடப்பதால், வடிக்காமலேயே மதுவின் அளவு 20 விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. பிறகு நீர் கலந்து 15 அல்லது 16 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பீரைக் குடிப்பதுபோல் மடமடவென்று குடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

அடுத்து, புட்டியின் மேலுள்ள சொற்கள். அரிசியின் மேற்பரப்பைத் தீட்டிய பிறகு எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்பதை வைத்தே தரம் பிரிக்கிறார்கள்: 60 விழுக்காடோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் 'கின்ஜோ', 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் 'தைகின்ஜோ'. முன்னால் 'ஜுன்மாய்' என்ற சொல் இருந்தால் வெளியிலிருந்து மதுச்சாரம் சேர்க்கவில்லை என்று பொருள். பாதி அரிசியைத் தவிடாக்கிவிட்டுச் செய்வதால் தைகின்ஜோவின் விலை ஏறுகிறது; அதனாலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பழவாசனை தனியாகப் பருகும்போது அருமையாக இருக்கும், சாப்பாட்டோடு சேர்த்தால் துருத்திக்கொண்டு நிற்கும். சாப்பிட உட்கார்ந்தால் சாதாரண ஜுன்மாயையே நான் கேட்பேன்.

சூடா, குளிர்ச்சியா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வாசனை மிக்க கின்ஜோ வகைகளைக் குளிரவைத்துப் பருகுவதே வழக்கம். சூடு பட்டால் அந்த வாசனை போய்விடும். ஜுன்மாயைச் சுமார் 40 பாகைக்கு, அதாவது கையில் பிடித்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்குச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். அதற்கு 'நுருகான்' என்று பெயர். 50 பாகைச் சூட்டுக்கு 'அட்சுகான்'. குளிர்காலத்தில் அதையும் கேட்கலாம், ஆனால் முதல் கிண்ணமே அதுவாக இருக்க வேண்டாம்.

ஊருக்கு ஊர் சுவை மாறுவதற்குத் தண்ணீர் பெரிய காரணம். கோபே நகரை ஒட்டிய நாதாவில் கனிமம் மிகுந்த கடின நீர் கிடைப்பதால் அங்கே சாக்கே விறைப்பாக இருக்கும். கியோட்டோவின் புஷிமியில் நீர் மென்மை, சாக்கேயும் மென்மை. நாதாவினுடையது ஆண், புஷிமியினுடையது பெண் என்று ஒரு சொலவடையே உண்டு. இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் ரயிலில் போய்வந்துவிடலாம் என்பதால், ஒரு பயணத்துக்கு இந்த ஒப்பீடே போதும். பனிப்பிரதேசமான நீகாட்டாவின் இனிப்பற்ற, இலேசான வகை வேண்டுமென்றால், டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் எச்சிகோ-யுசாவா நிலையத்தில் இறங்கி, அங்கேயே இருக்கும் பொன்ஷுகான் என்னும் சாக்கே சுவைக்கூடத்துக்குள் நுழையுங்கள். சுவர் முழுக்க வரிசையாகத் தானியங்கிப் பெட்டிகள். டோக்கன் வில்லையைப் போட்டால் ஒரு கிண்ணம் நிறையும்.

சுவை பார்ப்பதற்கென்றே உள்ள வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்திருப்பார்கள். அது அழகுக்கு அன்று: வெள்ளைப் பகுதியில் சாக்கேயின் நிறம் தெரியும், நீல விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் கலங்கல் இருக்கிறதென்று பொருள்.

ஆலையைப் பார்க்கப் போவதாக இருந்தால், வாசலில் தொங்கும் தேவதாரு இலைப் பந்தைக் கவனியுங்கள். புதிய சாக்கே பிழிந்ததும் பச்சையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அது பழுப்பாகும். அன்று காலை விடுதியில் நாட்டோ என்னும் நொதித்த சோயாவைத் தொடாதீர்கள். அதிலுள்ள நுண்ணுயிர் கோஜியைக் கெடுக்கும் என்று பல ஆலைகள் பார்வையாளர்களை முன்கூட்டியே எச்சரிக்கின்றன.

மேசையில் ஒரு முறை உண்டு. உங்கள் கிண்ணத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளாமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள். அவர் உங்களுக்கு ஊற்றுவார். ஊற்றும்போது கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பிடிப்பது மரியாதை. சில கடைகளில் மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து, வழிந்து பெட்டியில் நிற்கும்வரை ஊற்றுவார்கள். அது கைதவறுதல் அன்று, தாராளம். இடையிடையே தண்ணீர் கேட்டுக் குடியுங்கள், ஜப்பானியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு தட்டில் ஏதாவது வந்து கட்டணத்தில் சேர்ந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், அது உட்காரும் கூலி போன்றது. சைவர்கள் அவித்த பச்சை சோயாக் காயையும் ஊறுகாயையும் கேட்கலாம். குளிர்ந்த டோஃபுவின் மேல் மீன்சீவல் தூவியிருப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கே மது அருந்த 20 வயது நிறைந்திருக்க வேண்டும். குடித்துவிட்டுக் காரை மட்டுமல்ல, மிதிவண்டியை ஓட்டினாலும் தண்டனை உண்டு.

ஊருக்குப் புட்டி வாங்கிவர விரும்பினால் 720 மில்லிலிட்டர் அளவு வசதியானது. இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் மது கொண்டுவரலாம் என்பதால் இரண்டு புட்டிகள் தாராளமாக அடங்கும். 'நமாசாக்கே' என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்க வேண்டாம். அது சூடுபடுத்திப் பதப்படுத்தாதது, குளிர்ப்பெட்டியிலேயே இருக்க வேண்டியது. அதை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.