இதயச் செயலிழப்பில் எஸ்ஜிஎல்டி2 மாத்திரை: தொடங்குவதும் தொடரச் செய்வதும்

சிறுநீரகத்தில் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்தைத் தடுத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் டாபாக்ளிஃப்ளோசினும் எம்பாக்ளிஃப்ளோசினும். சர்க்கரை நோய்க்கென்று வந்த இவை, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று இதயச் செயலிழப்பின் (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க இயலாத நிலை) அடிப்படை மருந்துகளாகிவிட்டன. 2019இல் வெளியான டாபா-எச்எஃப் ஆய்வில், எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம்) 40 சதவீதத்துக்கு மிகாத 4,744 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இதயநோய் மரணம் அல்லது செயலிழப்பு மோசமடைதல் என்ற முதன்மை விளைவு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், போலி மாத்திரை பெற்றவர்களில் 21.2 சதவீதமாகவும் டாபாக்ளிஃப்ளோசின் பெற்றவர்களில் 16.3 சதவீதமாகவும் இருந்தது. அதாவது, 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த விளைவு தடுக்கப்படுகிறது.

எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 40க்கு மேல் உள்ளவர்களுக்கு எம்பரர்-ப்ரிசர்வ்ட் (2021), டெலிவர் (2022) ஆகிய இரண்டு ஆய்வுகளும் பலன் காட்டின. ஆனால் அங்கே கிடைத்த ஆதாயம் பெரும்பாலும் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததால் வந்தது. இதயநோய் மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் தெளிவான குறைவு தெரியவில்லை. எனவே இந்த நோயாளிகளிடம் ஆயுள் கூடும் என்று வாக்களிக்காமல், மூச்சுத் திணறி மீண்டும் வார்டுக்கு வருவது குறையும் என்று சொல்வதே நேர்மை.

தொடங்குவது எளிது. இரண்டுமே 10 மில்லிகிராம், தினம் ஒரு வேளை; படிப்படியாக அளவை உயர்த்த வேண்டியதில்லை. டாபாக்ளிஃப்ளோசினுக்கு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 25க்கும், எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 20க்கும் குறையாமல் இருக்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முன்பு கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும் ஆபத்து நிலை) வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். வீக்கம் வடிந்து உடலில் நீர் சமநிலையில் இருப்பவருக்கு நீர் பிரிக்கும் மருந்தான ஃப்யூரோசமைடின் அளவைக் குறைக்கலாமா என்று அன்றைக்கே யோசியுங்கள். சல்ஃபோனைல்யூரியா (இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சர்க்கரை மாத்திரை) எடுப்பவருக்குச் சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்குள் இருந்தால் அதைக் குறையுங்கள். இன்சுலினை மட்டும் ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். கீட்டோன் ஏறுவதற்கு அதுவே வழி திறக்கும்.

மருந்து தவறாக நிறுத்தப்படுவது பெரும்பாலும் இரண்டு தாள்களால். முதலாவது, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) ரிப்போர்ட். 1.2 இருந்தது இரண்டு மூன்று வாரத்தில் 1.4 ஆகியிருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸுக்குள் அழுத்தம் தணிவதால் வடிகட்டும் வேகத்தில் வரும் இந்தத் தொடக்கச் சரிவு எதிர்பார்க்கக்கூடியதே. நீண்ட காலத்தில் சிறுநீரகம் காக்கப்படுவதும் அதே வழியில்தான். 30 சதவீதத்துக்குள் ஏறியிருந்து நோயாளி நலமாக இருந்தால் மாத்திரையில் கை வைக்காதீர்கள். அதற்கு மேல் போனால், முதலில் நீரிழப்பையும் வலி மாத்திரைகளையும் விசாரியுங்கள். இரண்டாவது தாள், சிறுநீர்ப் பரிசோதனை: சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அதில் சர்க்கரை மூன்று பிளஸ் என்று வரும், வீடே பதறும். மாத்திரை வேலை செய்வதன் அடையாளம் அது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம்.

பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம் என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், மாத்திரையைத்தான் விட்டுவிடுவார்கள். அடுத்தது இந்த வாக்கியம்: “அம்மா, வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியலைன்னா, அன்னைக்கு இந்த மாத்திரை வேண்டாம், நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் மறுபடி போடுங்க.” நாள் முழுக்க விரதம் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

இம்மாத்திரை எடுப்பவர் குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வந்தால், குளுக்கோமீட்டர் 180தான் காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்; சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். கீட்டோனும் ரத்த வாயுப் பரிசோதனையும் உடனே பாருங்கள்.

டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமைகள் இந்தியாவில் 2023க்குள்ளும், எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்ததால், விலை இப்போது பெரிய தடையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் “நிறுத்தவும்” என்று எழுதும்போது, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.