நிருபர் ஹீரோவும் ஒகேனக்கல் பிணமும்: கிரைம் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு கிரைம் நாவல் படித்தேன். பெயர் வேண்டாம். கதை நடப்பது தர்மபுரி மாவட்டத்தில். சென்னையில் ஆசிரியரோடு சண்டை போட்டு வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பிய பத்திரிகையாளன்தான் ஹீரோ. ஒகேனக்கல்லில் ஒரு பெண்ணின் பிணம் ஒதுங்குகிறது. முதல் சில அத்தியாயங்கள் ஜோராகத்தான் ஓடின. அதற்கப்புறம் அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கொலைகாரன் மேல் பரிவு வர ஆரம்பித்தது. நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் கிரைம் எழுத முயல்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்பதால், அந்த நாவல் எங்கெங்கே சறுக்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஹீரோவை வாசகனுக்குப் பிடிக்காமல் போவது தவறே கிடையாது. குடிகாரன், பொய்யன், காரியவாதி, யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அவன் அப்படிப்பட்டவன் என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் தவறு. இந்த நாவலில் ஹீரோ ஏட்டை ஒருமையில் திட்டுகிறான். ஏட்டு கேஸ் டைரியை எடுத்து நீட்டுகிறார். இறந்தவளின் அம்மாவிடம் எரிந்து விழுகிறான். அந்தம்மா டீ போட்டுக் கொடுத்து மகளின் போனையும் கையில் கொடுக்கிறார். அவன் திமிருக்கு யாருமே விலை கேட்பதில்லை. கதையில் வரும் அத்தனை பேரும் அவனை மன்னித்துக்கொண்டே இருந்தால், மன்னிக்காத ஒரே ஆளாக வாசகன் மிஞ்சுவான்.

சென்னையிலாவது ஒரு ஸ்டேஷனில் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். தர்மபுரியில் அது நடக்காது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசியது சாயங்காலத்துக்குள் எஸ்.பி. ஆபீசுக்குப் போய்விடும். இங்கே நிருபரின் பிழைப்பே முகதாட்சண்யத்தில்தான் ஓடுகிறது. திமிர் பிடித்தவனாகவே ஹீரோவை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காட்சி இப்படிப் போகட்டும்:

“ஏட்டய்யா, ஒகேனக்கல் பாடி யாருதுன்னு தெரிஞ்சுதுங்களா?”

“பிரஸ் நோட் வரும், பாத்துக்க.”

“வரட்டுங்க. வயசு மட்டும் சொல்லுங்களேன்.”

“போன வாரம் என்ன எழுதுன? போலீஸ் மெத்தனம்னு போட்ட இல்ல? மெத்தனமாவே இருந்துட்டுப் போறோம். டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு.”

இப்போது அவன் வேறு வழி தேட வேண்டும். பரிசல் ஓட்டியிடம் போக வேண்டும், ஜி.எச். பிணவறை வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் நிற்க வேண்டும், தனக்குப் பிடிக்காத போட்டிப் பத்திரிகைக்காரனிடம் கெஞ்ச வேண்டும். அவன் குணமே கதையை நகர்த்துகிறது பாருங்கள். அந்த நாவலில் அது வெறும் அலங்காரம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, அவன் என்ன சாப்பிட்டுப் பிழைக்கிறான் என்பது. நாவல் முழுக்க காரில் சுற்றுகிறான், பெட்ரோலுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. தாலுகா அளவில் பகுதிநேரமாக எழுதும் நிருபர்கள் பலருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. தீபாவளி மலருக்கும் பொங்கல் மலருக்கும் விளம்பரம் பிடித்தால் வரும் கமிஷன்தான் கைச்செலவு. அந்த விளம்பரத்தை யார் கொடுப்பார்கள்? கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாங்கூழ் ஆலைக்காரர், கிரானைட் குவாரிக்காரர், கல்யாண மண்டபக்காரர். சந்தேகத்தின் நிழல் அதில் ஒருவர் மேல் விழுந்தால் ஹீரோ என்ன செய்வான்? ஒரு வாரம் செய்தியை அமுக்கி வைத்திருந்தான் என்று எழுதுங்கள். அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன்.

அடுத்தது தகவல் கிடைக்கும் விதம். நாவலில் ஹீரோ ராத்திரி ஸ்டேஷன் சுவர் ஏறிக் குதித்து எஃப்.ஐ.ஆரைப் போட்டோ எடுக்கிறான். ஐந்து பக்கம் படபடப்பு. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே உத்தரவு போட்டுவிட்டது. பாலியல் வழக்கு, தீவிரவாத வழக்கு மாதிரியானவற்றுக்குத்தான் விலக்கு. மற்றதை வீட்டில் உட்கார்ந்தே இறக்கிக்கொள்ளலாம். சுவர் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், எளிதில் கிடைக்காத ஒன்றுக்காக ஏறட்டும்: பிரேதப் பரிசோதனை அறிக்கை, போன் அழைப்புப் பட்டியல். விஷமா இல்லையா என்பதும் மறுநாளே தெரிந்துவிடாது. உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் வதந்தி வளரும். நாவலாசிரியருக்கு வதந்தியை விட நல்ல சரக்கு எது?

சட்டப் பிரிவுகளையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இல்லை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. அதற்கு முன் நடந்த கொலை என்றால் பழைய எண்தான். கிளைமாக்ஸில் வில்லன் பேசுவதை ஹீரோ போனில் பதிவு செய்கிறான், கேஸ் முடிந்தது என்கிறார் ஆசிரியர். வெளியாள் ஒருவரிடம் சொன்ன ஒப்புதலைக் கோர்ட் பலவீனமான சாட்சியமாகத்தான் பார்க்கும். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் வேண்டும். வில்லனின் வக்கீல் சும்மா இருப்பாரா?

இன்னொரு இடம் என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தியது. கிளைக்கதையில் வரும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரையும் பள்ளியையும் ஹீரோ செய்தியில் போட்டு ‘உண்மையை உடைக்கிறான்’. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி அது தண்டனைக்குரிய குற்றம். நாவல் அதற்குக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறது. அவன் அப்படிச் செய்யட்டும், தடையில்லை. மறுநாள் அந்த வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பதையும் அடுத்த அத்தியாயத்தில் எழுதியாக வேண்டும்.

ஊரை எழுதுவதில் சின்னச் சின்னப் பிசகுகள். 1998இல் நடக்கும் பிளாஷ்பேக்கில் ‘கிருஷ்ணகிரி கலெக்டர்’ வருகிறார். அந்த மாவட்டம் பிறந்ததே 2004இல். ஆற்றில் வெள்ளம் கரை தொடும்போது ஹீரோ பரிசலில் துரத்துகிறான். காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினாலே பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒருவர்கூடத் தெலுங்கோ கன்னடமோ பேசவில்லை. காடு வந்தவுடன் வீரப்பன் பேச்சு வேறு. அதை விட்டுவிடலாம், யானை போதும். அதேசமயம் கையில் இருந்த நல்ல விஷயத்தை ஆசிரியர் தவறவிட்டார். ஒகேனக்கல்லில் அக்கரை கர்நாடகம். பிணம் எந்தக் கரையில் ஒதுங்கியது, எந்தப் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும்? எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இரண்டு ஸ்டேஷனும் கைகாட்டிக்கொள்வதை வைத்தே மூன்று அத்தியாயம் ஓட்டியிருக்கலாம்.

கடைசி அத்தியாயம். செய்தி அச்சாகிறது, மறுநாள் காலை பெரிய மனிதர் கைதாகிறார், ஹீரோ சிகரெட் பற்ற வைக்கிறான். இதே மாவட்டத்தில் அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடுகள் தள்ளுபடியாக 2023 ஆனது. வழக்கை அதுவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஊர்ப் பெண்களும், கூட நின்ற பழங்குடி மக்கள் சங்கத்தாரும், அரசியல் கட்சிக்காரர்களும், வக்கீல்களும். தனியாக எந்த ஹீரோவும் இல்லை. இந்த மண்ணில் கதை வைப்பவர் இதைப் படித்துவிட்டு அந்தச் சிகரெட் காட்சியை அடித்துவிடலாம். கைது நடக்கட்டும். ஜாமீனும் நடக்கட்டும். சாட்சி சொன்ன பரிசல்காரரை ஒருவன் டீக்கடையில் மிரட்டட்டும், நிருபர் அப்போது போனை எடுக்காமல் இருக்கட்டும்.