முத்துப்பேட்டை லகூனில் மீன்களைக் கண்காணிக்க நிதி கேட்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

காவிரிப் படுகையின் கடலோரக் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்களும், ஆய்வு மாணவர்களும், சிறு தன்னார்வ அமைப்பினரும் முதன்முறையாக எழுதும் நிதி விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு கருவியின் பெயரிலேயே தொடங்குகிறது. நிதி தருபவர் அறிய விரும்புவது வேறு. எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது, அந்த விடையை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். எனவே இந்த விளக்கம் ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு, கேள்வியிலிருந்து வரவு செலவுத் திட்டம் வரை படிப்படியாகச் செல்கிறது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், அந்த நீர் வயல்களைக் கடந்து கடைமடைக்கு வந்து, பாமணியாறு, கோரையாறு போன்ற ஆறுகளின் வழியாக முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலையொட்டிய உப்பங்கழியில், சேருகிறது. வடகிழக்குப் பருவமழையில் இந்த வரத்து பெருகி, கோடையில் மிகவும் குறைந்துவிடுவதால், லகூனின் உப்புத்தன்மை ஆண்டுக்குள்ளேயே பெரிதும் மாறுகிறது. ஆகவே நம் கேள்வி இதுதான்: நன்னீர் வரத்து மாறும்போது எந்தெந்த மீன்கள் லகூனுக்குள் வருகின்றன, எவை வெளியேறுகின்றன? அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களை எப்போது தூர்வாருவது என்று திட்டமிடும் வனத்துறைக்கும், அதே வாய்க்கால்களில் மடவையும் கொடுவாவும் பிடிக்கும் மீனவர்களுக்கும் இதன் விடை பயன்படும். இந்த இரு தரப்பினரையும் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

படி 2: கேள்விக்கும் தண்ணீருக்கும் பொருந்தும் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

பவளப்பாறைப் பகுதிகளில் நன்றாக உதவும் நீரடிக் கேமரா, சேறு கலந்த கழிமுக நீரில் கைநீளத் தொலைவைக்கூடக் காட்டாது. நீரடி ஒலிப்பதிவுக் கருவி கலங்கல் நீரிலும் வேலை செய்யும். எனினும் ஒலியைக் கேட்டு இனத்தைப் பிரித்தறியும் வேலை தொடக்கநிலையினருக்குக் கடினமானது. டிரோன் படங்கள் பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளை வரைபடமாக்கப் பொருத்தமானவை; நம் கேள்விக்கு அவை தேவையில்லை.

நமக்குப் பொருந்துவது சுற்றுச்சூழல் டிஎன்ஏ முறை. மீன்கள் உதிர்க்கும் செதில், சளி, கழிவு ஆகியவற்றின் வழியே தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வடிகட்டிப் பிரித்து, அதன் ஒரு சிறு பகுதியைப் படித்து, எந்த இனத்துக்கு உரியது என்று தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் சாரம். ஒரு மீனைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. மீன்களுக்கென 2015ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மிஃபிஷ் என்ற பிரைமர் இணை (படிக்க வேண்டிய பகுதியை மட்டும் தேடிப்பிடித்துப் பெருக்க உதவும் இரு சிறு டிஎன்ஏ துண்டுகள்) இன்று பரவலாகப் பயன்படுகிறது.

இம்முறையின் குறைகளை நீங்களே எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் மதிப்பீட்டாளர் எப்படியும் கேட்பார். எத்தனை மீன்கள் இருந்தன என்று இது சொல்லாது. ஆற்று நீர் மேலிருந்து அடித்துக்கொண்டு வரும் டிஎன்ஏவும், இறங்குதளத்தில் மீன் கழுவிய நீரும் முடிவைக் குழப்பக்கூடும். உள்ளூர் மீன்கள் சிலவற்றின் டிஎன்ஏ வரிசை தரவுத்தளத்தில் இல்லாமலும் போகலாம். ஆகவே மாதிரி எடுக்கும் நாளில் மீனவர்களின் வலையில் விழுந்த மீன்களின் பட்டியலையும் உடன் சேர்த்து ஒப்பிடுவோம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். என் கணிப்பில், விண்ணப்பத்தின் நம்பகத்தன்மையை மிகவும் உயர்த்துவது இந்தப் பத்திதான்.

படி 3: கேட்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

2021இல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆழ்கடல் இயக்கத்துக்கு 4,077 கோடி ரூபாய் என்ற செய்தியைப் படித்துவிட்டு அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் உண்டு. அது பெயருக்கேற்ப ஆழ்கடலுக்கானது. ஆழம் குறைந்த லகூனுக்கு அங்கே இடமில்லை.

கல்லூரி ஆசிரியர் முதன்மை ஆய்வாளராக இருந்தால், 2023ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் அழைப்புகளைப் பார்க்கலாம். மாணவர்கள் மட்டும் எனில், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் சிறு தொகையே தந்தாலும் நல்ல தொடக்கமாக இருக்கும். படகிலேயே வைத்து வடிகட்டும் மலிவான பம்பு போன்ற ஒரு கருவியை நீங்களே உருவாக்குவதாக இருந்தால், முன்மாதிரிக்கு 10 லட்சம் ரூபாய் வரை தரும் ‘நிதி-பிரயாஸ்’ (NIDHI-PRAYAS) என்ற மத்திய அரசுத் திட்டமும், உயிரித் தொழில்நுட்பம் சார்ந்த புத்தாக்கத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தரும் பைராக் (BIRAC) என்ற மத்திய அரசு அமைப்பின் பிக் (BIG) திட்டமும் பொருந்தக்கூடும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி மற்றொரு வழி. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் வனவிலங்குப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தக் கடலோரத்தில் அத்தகைய நிதி வைத்திருப்பவை பெரும்பாலும் எண்ணெய், துறைமுகம், மின் உற்பத்தி சார்ந்த நிறுவனங்களே என்பதால், முடிவுகள் எவையாக இருப்பினும் வெளியிடும் உரிமை எங்களுக்கே என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்திட வேண்டாம். வெளிநாட்டு அறக்கட்டளையிடம் உங்கள் அமைப்பின் பெயரில் பணம் பெற, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இருந்தாக வேண்டும்.

படி 4: அனுமதிகளை முன்கூட்டியே கேளுங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்புக்காடு என்பதால், தண்ணீர் மட்டுமே எடுப்பதாக இருந்தாலும் வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. அனுமதிக்கு விண்ணப்பித்த கடிதத்தின் நகலையாவது இணைத்துவிடுங்கள். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் பார்க்க வேண்டும். உள்நாட்டு ஆய்வகமே சுலபம்.

படி 5: வரவு செலவுத் திட்டத்தை மாதிரி எண்ணிக்கையிலிருந்து கட்டுங்கள்

ஐந்து இடங்கள், இடத்துக்கு மூன்று குப்பிகள், ஆண்டுக்கு ஐந்து முறை என்று வைத்தால் 75 மாதிரிகள். ஒவ்வொரு முறையும் சுத்தமான நீரை அதே முறையில் வடிகட்டி எடுக்கும் ஒரு வெற்று மாதிரி வீதம் 5 சேர்த்தால் 80. ஆய்வகத் தட்டில் 96 குழிகள் இருப்பதால், மீதமுள்ள 16 குழிகள் ஆய்வகச் சரிபார்ப்புக்கும் மறுபரிசோதனைக்கும் போதும். இவ்வாறு கணக்கு காட்டினால், ஏன் 80, ஏன் 200 இல்லை என்ற கேள்வியே எழாது.

வடிதாள் கணக்கில்தான் கழிமுகம் வேறுபடுகிறது. தெளிந்த கடல்நீரில் ஒரு லிட்டரை எளிதில் விடும் 0.45 மைக்ரான் வடிதாள், மழைக்கால லகூன் நீரில் சில நூறு மில்லி லிட்டரிலேயே வண்டலால் அடைத்துக்கொண்டு, பம்பின் கைப்பிடி நகராமல் நின்றுவிடும். ஆகையால் ஒரு மாதிரிக்கு இரண்டு வடிதாள்கள் வீதமாவது எழுதுங்கள். குப்பிகளைக் கழுவ பிளீச்சிங் கரைசல், ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கையுறை, ஐஸ் பெட்டி, வடிதாளைப் பாதுகாக்க எத்தனால் ஆகியவை சிறு செலவுகளே ஆயினும் விடுபட்டால் முழு வேலையும் வீண்.

படகு வாடகை, டீசல், படகோட்டியின் கூலி ஆகிய மூன்றையும் தனித்தனி வரிகளாகக் காட்டுங்கள். உங்களை ஏற்றிச் செல்லும் மீனவர் அன்றைய மீன்பாட்டை இழக்கிறார். அந்த இழப்புக்கு ஈடாகாத கூலியைக் கொடுத்துவிட்டு மூன்றாம் முறையும் அவர் வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மீன்களை இனம் காட்டி, உள்ளூர்ப் பெயர் சொல்லித் தருவதற்கும் தனியே மதிப்பூதியம் எழுதலாம்.

படி 6: நாட்காட்டியைக் கடலுக்கு ஏற்ப அமையுங்கள்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பணம் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். லகூன் வாய்க்கால்களில் அப்போதும் மீன்பிடிப்பு நடக்கும் இடங்களில் வலைப் பட்டியல் கிடைக்கும் என்றாலும், கடல் பக்கத்து ஒப்பீடு கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் நாட்களுக்கென மாற்றுத் தேதிகளும் வேண்டும்; 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இந்த அலையாத்திக் காட்டை எவ்வாறு சிதைத்தது என்பதை மதிப்பீட்டாளரும் அறிவார். எனவே தேதிகளை ஏப்ரல், மே என்று எழுதாமல், நிதி கிடைத்த முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எழுதி, எந்த மாதத்தில் கிடைத்தாலும் ஒரு முழுப் பருவமழைக்காலம் உள்ளடங்கும் வகையில் திட்டக் காலத்தைப் பதினெட்டு மாதங்களாகக் கேளுங்கள்.

படி 7: தவணைகளுக்கான கணக்கை முதல் நாளிலேயே தொடங்குங்கள்

அரசு நிதி பெரும்பாலும் தவணைகளில் வருவதால், முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் போகாமல் அடுத்தது வராது. படகு வாடகைக்கு அச்சிட்ட ரசீது கிடைக்காத இடத்தில், தேதி, தொகை, பெற்றவர் கையொப்பம் அடங்கிய செலவுச் சீட்டைத் தணிக்கையாளர் ஏற்பாரா என்று உங்கள் கல்லூரியின் கணக்குப் பிரிவில் முன்பே கேட்டு, ஏற்கும் படிவத்தை அச்சடித்து, முதல் பயணத்துக்கே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.