நேரலை வகுப்புச் செயலிக்கு எளிய திரை வடிவமைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

குடியாத்தத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நேரலையில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் வீட்டுத் தறிச் சத்தம் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. மைக்கை மூடும்படி சொன்னேன். “மூடிதான் சார் இருக்குது” என்றாள், சத்தமோ நிற்கவில்லை. மறுநாள் அவளுடைய அம்மாவின் கைபேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. திரையில் குறுக்குக் கோடு போட்ட மைக் படம் ஒன்று இருந்தது. ‘இதைத் தொட்டால் மைக் மூடும்’ என்ற பொருளில் அந்தச் செயலியில் அதை வைத்திருந்தார்கள். அவளோ ‘மைக் மூடியிருக்கிறது’ என்று படித்திருக்கிறாள். தவறு அவளுடையது அன்று. ஆனாலும் அடுத்த இரண்டு வகுப்புகளில் அவள் வாய் திறக்கவே இல்லை. ஒரு பொத்தானைச் சரியாக வரைவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

படி 1: வரைவதற்கு முன் போய்ப் பாருங்கள்

உங்கள் திரையைப் பயன்படுத்தப்போகும் இரண்டு மூன்று வீடுகளுக்காவது நேரில் செல்லுங்கள். கைபேசி யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, பக்கத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலூர் நகரத்து வீட்டில் வைஃபை இருக்கலாம். ஜவ்வாது மலையடிவாரத்து ஊரில் பிள்ளை சிக்னலுக்காகத் திண்ணைக்கு வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டாமவருக்கு வரைந்த திரை முதலாமவருக்கும் பொருந்தும். முதலாமவருக்கு வரைந்தது இரண்டாமவருக்குப் பொருந்தாது.

படி 2: தாளில் மூன்று திரைகள்

கணினியைத் திறப்பதற்கு முன் பென்சிலால் மூன்று திரைகளை வரையுங்கள்: வகுப்பில் நுழையும் திரை, பாடம் நடக்கும் திரை, இணைப்பு அறுந்தபோது தோன்றும் திரை. புதியவர்கள் மூன்றாவதை மறந்துவிடுவதுண்டு. பிறகு ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில் 360 அகலமும் 800 உயரமும் உள்ள சட்டகம் ஒன்றை உருவாக்கி அவற்றை அதில் மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இந்த அளவு பொருந்தும். பாடத் திரையில் பெரும்பகுதியைக் கரும்பலகைக்கே கொடுங்கள். மற்ற மாணவர்களின் முகங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கினால் பலகை எழுத்து படிக்க முடியாமல் சுருங்கிவிடும்.

படி 3: மைக் பொத்தான்

இந்தப் படிக்கு நீங்கள் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். பொத்தான் இப்போதைய நிலையைச் சொல்கிறதா, தொட்டால் நடக்கப்போவதைச் சொல்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயலும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. நான் இரண்டையும் பிரித்துவிடுகிறேன்: மேலே ‘உங்கள் மைக் மூடியுள்ளது’ என்று நிலை; கீழே பொத்தானில் ‘பேசத் தொடுங்கள்’ என்று செயல். மைக் திறந்ததும் மேலே உள்ள வரி ‘நீங்கள் பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது’ என்று மாற வேண்டும், பொத்தான் ‘மைக்கை மூடு’ என்று மாற வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொடும் பரப்பு குறைந்தது 48 டிபி (எந்தக் கைபேசியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும்படி ஆண்ட்ராய்டில் பயன்படும் அலகு) இருக்க வேண்டும் என்பது கூகுளின் ‘மெட்டீரியல்’ என்ற வடிவமைப்பு வழிகாட்டி தரும் அளவு. கையில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வரும். வகுப்பை விட்டு வெளியேறும் பொத்தானை மைக்குக்கு ஒட்டி வைக்காமல் திரையின் எதிர் மூலையில் வையுங்கள். அதைத் தொட்டதும் ஒருமுறை உறுதி கேளுங்கள்.

படி 4: தமிழ் எழுத்து

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்குவது தமிழில் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று நீளும். ஆகவே பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் நிலையான எண்ணாக வைக்காமல், எழுத்துக்கேற்ப வளரும்படி அமையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. வரி உயரத்தை எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காக வைத்தால், ‘தீ’ போன்ற எழுத்துகளின் மேற்கொம்பும் ‘கு’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று முட்டாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது இணைய அணுகல் நெறி; வெயிலில் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள்.

படி 5: இணைப்பு அறுந்தால்

சிக்னல் குறையும்போது முதலில் படத்தை நிறுத்தி, குரலைக் காப்பாற்ற வேண்டும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் முறையில் நொடிக்கு 24 கிலோபிட் இருந்தாலே பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு அந்த ஒலித் தரவு ஏறக்குறைய 11 எம்பிதான். நொடிக்கு 500 கிலோபிட்டில் ஓடும் காணொளிக்கோ 225 எம்பி தேவைப்படும். எனவே ‘குரல் மட்டும்’ என்ற பொத்தானை அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் ஒளித்துவைக்காமல், பாடத் திரையிலேயே வையுங்கள்.

முழுவதும் அறுந்துவிட்டால் சுழலும் வட்டத்தை மட்டும் காட்டாதீர்கள். ‘இணைப்பு அறுந்தது. மீண்டும் சேர்க்கிறோம். நீங்கள் எதையும் தொட வேண்டாம்’ என்று எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் பிள்ளை பதறிப்போய்ச் செயலியை மூடிவிடும்.

படி 6: ஐந்து பேரிடம் சோதனை

பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். உங்கள் மாதிரித் திரையைக் கைபேசியில் திறந்து மாணவரிடம் கொடுத்து, ‘சந்தேகம் கேளுங்கள்’, ‘படத்தை நிறுத்துங்கள்’ என்று வேலையை மட்டும் சொல்லுங்கள். வழி காட்டாதீர்கள். விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்பதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். “இத அமுக்கவா சார்?” என்று கேட்டால், அந்தப் பொத்தானின் சொல்லை மாற்ற வேண்டும் என்று பொருள். திருத்திய திரையை அதே ஐவரிடம் காட்டாமல் வேறு ஐவரிடம் காட்டுங்கள். முதலில் பார்த்தவர்களுக்குப் பொத்தான்கள் இருக்கும் இடம் அதற்குள் பழகிப்போயிருக்கும்.