உளவுத் தகவல்களைக் குழுவாக அலசுவது எப்படி? மாட்ரிட் 2004 வழியாக ஒரு பயிற்சி

பயங்கரவாதத் தாக்குதலை ஆராயும் குழுவில் முதலில் பேசும் மூத்தவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. சிஐஏவில் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹோயர் வகுத்த ‘போட்டிக் கருதுகோள்’ முறை, அதாவது ஒரு நிகழ்வுக்குச் சாத்தியமான பல விளக்கங்களைச் சான்றுகளோடு ஒப்பிடும் முறை, அதைத் தடுக்க உதவுகிறது. தனி மென்பொருள்கள் இருந்தாலும், பழகுவதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும்.

2004 மார்ச் 11 காலையில் மாட்ரிட்டின் நான்கு புறநகர் ரயில்களில் பத்துக் குண்டுகள் வெடித்தன. 190க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான எட்டாவே காரணம் என்று ஸ்பெயின் அரசு அன்றே கூறியது.

முதலில், விரிதாளின் மேல்வரிசையில் கருதுகோள்களை எழுதுங்கள்: எட்டா, ஜிகாதிக் குழு, இருவரும் கூட்டாக, வேறு யாரோ. யாரும் நம்பாத கருதுகோளுக்கும் இடம் கொடுங்கள்.

அடுத்து, இடப்பக்கம் சான்றுகளை, கிடைத்த நேரத்தோடு இறக்குங்கள். பிப்ரவரி இறுதியில் எட்டாவின் வெடிமருந்து வேன் ஒன்று பிடிபட்டிருந்தது. தாக்குதலுக்கு முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை. மாட்ரிட்டுக்கு அருகே உள்ள அல்காலா தே எனாரெஸில் நின்ற வேனில் டெட்டனேட்டர்களும் (வெடிப்பைத் தூண்டும் கருவிகள்) குர்ஆன் ஓதல் கேசட்டும் இருந்தன. வெடிக்காமல் கிடைத்த குண்டுப் பையில் இருந்தது, அக்காலத்தில் எட்டா வழக்கமாகப் பயன்படுத்தாத கோமா-2 எகோ என்ற வெடிமருந்து.

மூன்றாவது படிதான் உயிர்நாடி, அவசரப்படாதீர்கள். ஒவ்வொருவரும் தனிப் பிரதியில், பிறர் குறித்ததைப் பார்க்காமல், ‘இந்தக் கருதுகோள் உண்மையானால் இந்தச் சான்று கிடைத்திருக்குமா?’ என்று கேட்டு, பொருந்தினால் +, முரண்பட்டால் − இட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்து, குறிகள் வேறுபடும் கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி, அவற்றைப் பற்றியே பேசுங்கள். முன்னெச்சரிக்கை வரிசையில், பொது இடங்களில் குண்டு வைக்கும்போது எட்டா பெரும்பாலும் எச்சரிக்கும் என்பதால் ஒருவர் − இட்டிருப்பார். தனிநபர்களைக் கொன்றபோது எச்சரித்ததில்லையே என்று இன்னொருவர் + இட்டிருப்பார். அந்த வாதத்தைக் கட்டத்திலேயே கமெண்டாகப் பதியுங்கள்.

பிறகு + குறிகளை எண்ணாமல் − குறிகளை எண்ணுங்கள்; குறைவான − பெற்ற கருதுகோளே வலுவானது. பிடிபட்ட எட்டா வேன் எட்டாவுக்குப் பொருந்துகிறது என்றாலும், ஜிகாதிக் குழுவை அது மறுக்கவில்லை. இத்தகைய சான்றுதான் மனத்தை மிக எளிதில் இழுக்கிறது. முரண்கள் எட்டாவின் நிரலிலேயே சேர்வதைக் காண்பீர்கள்.

கேசட்டைத் திசைதிருப்ப யாரேனும் வைத்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆகவே அந்த வரிசையை மறைத்துவிட்டு மறுபடி எண்ணி, முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, நேர நிரலில் வடிகட்டி, மார்ச் 11 இரவு வரை கிடைத்த சான்றுகளோடு ஒரு பிரதியும், 12ஆம் தேதி அதிகாலையில் அந்தப் பை பரிசோதிக்கப்பட்ட பிறகு ஒரு பிரதியும் சேமியுங்கள். அந்தப் பையிலிருந்த செல்போனின் சிம் கார்டுதான் 13ஆம் தேதிக் கைதுகளுக்கு வழிகாட்டியது.