துரு புடிச்ச ஸ்டீல் பைப்புக்கு உள்பக்கம் கோட்டிங் போடுறது எப்படி?

துரு மேலயே பெயின்ட் அடிக்கலாமான்னு கேட்டா, எந்த துருங்கிறதுதான் கேள்வி. மழுங்கின புட்டி கத்தியை விட்டு நெம்பிப் பாருங்க. செதில் செதிலா பெயர்ந்து வந்தா அது அத்தனையும் போயே ஆகணும், நெம்பியும் அசையாம ஒட்டிக்கிட்டு இருக்கிறது மட்டும்தான் கொஞ்சம் இருந்துட்டுப் போகலாம்.

அதுக்கும் முன்னாடி அல்ட்ராசோனிக் கேஜ் வச்சு பைப் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துடுங்க, தேஞ்சு போன பைப்புக்கு கோட்டிங் பலம் குடுக்காது, அதை மாத்துறதுதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத எதிரி உப்பு. துருவோட குழிக்குள்ள குளோரைடு ஒளிஞ்சிருக்கும், அதை விட்டுட்டு மேல எபாக்ஸி (ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயின்ட்) போட்டா, தண்ணி அந்த பெயின்ட் படலம் வழியா மெதுவா உள்ள இழுபட்டு கொப்புளம் கொப்புளமா கிளம்பும். நானும் ஒரு தடவை பளபளன்னு தேய்ச்சுட்டோமேன்னு உப்பு டெஸ்ட் பண்ணாம அடிச்சு, அப்புறம் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன், அதனால சொல்றேன். முதல்ல எண்ணெய் பிசுக்கை எடுங்க, அப்புறம் நல்ல தண்ணிய ஹை பிரஷர்ல அடிச்சு கழுவுங்க, அதுக்கப்புறம் பிளாஸ்டிங், அதாவது மணல் மாதிரி துகளை வேகமா அடிச்சு துருவைச் செதுக்கி எடுக்கிறது. பிளாஸ்டிங் முடிச்ச கொஞ்ச நேரத்துல அங்கங்க கருப்புப் புள்ளி விழுந்தா உப்பு இன்னும் இருக்கு, திரும்பக் கழுவுங்க.

எப்பவும் தண்ணியோ கெமிக்கலோ நிக்கிற பைப்புன்னா எஸ்ஏ 2½ அளவுக்கு, அதாவது லேசான கறை தவிர துரு எதுவும் மிஞ்சாத அளவுக்கு, பிளாஸ்ட் பண்றதுதான் பாதுகாப்பு. அது முடியாத இடத்துலதான், ஒட்டின துருவைத் தாங்குற எபாக்ஸி மாஸ்டிக்ங்கிற கெட்டி பெயின்ட். ரஸ்ட் கன்வெர்ட்டர்ங்கிற, துருவையே வேற பொருளா மாத்துற கெமிக்கலைத் தடவினா துரு கருப்பாயிடும், பார்க்க திருப்தியா இருக்கும், ஆனா தண்ணிக்குள்ளயே கிடக்கிற பைப்புக்கு அதை நம்பாதீங்க.

அடிக்கிற அன்னைக்கு ஸ்டீலோட சூடு டியூ பாயின்ட்டை (காத்துல இருக்கிற ஈரம் பனியா படிய ஆரம்பிக்கிற சூட்டை) விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும், காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ. எபாக்ஸியோட ரெண்டு டப்பாவையும் சொன்ன விகிதத்துல கலந்து, பாட் லைஃப் (கலந்த பிறகு அடிக்கக்கூடிய நேரம்) தாண்டினதைத் தூக்கிப் போட்டுடுங்க, தின்னர் ஊத்தி உயிர் குடுக்கப் பார்க்காதீங்க. வெல்டு ஜாயின்ட்டுக்கு முதல்ல பிரஷ்ஷால தனியா ஒரு கை, அப்புறம்தான் முழுசா. ஈரமா இருக்கும்போதே கேஜ் வச்சு அளங்க. 80 சதவீத சாலிட்ஸ் (கன அளவுல, காஞ்ச பிறகு மிஞ்சுற பகுதி) உள்ள பெயின்ட்ல 250 மைக்ரான் ஈரமா போட்டா, காஞ்சு 200 நிக்கும். ரெண்டாவது கோட்டுக்கு டப்பால போட்டிருக்கிற ரீகோட் நேரத்தைத் தாண்டிட்டா லேசா தேய்ச்சு சொரசொரப்பாக்கிட்டுதான் அடிக்கணும், இல்லன்னா ஒட்டாது.

கை நுழையாத நீள பைப்னா பைப்புக்குள்ள இறுக்கமா ஓடுற அடைப்பு மாதிரியான ரெண்டு 'பிக்' நடுவுல பெயின்டை வச்சு காத்தழுத்தத்துல தள்ளுவாங்க, ஆனா அது அதுக்குன்னே பழகின ஆளுங்க வேலை.

ஆள் உள்ள இறங்குற சைஸ்னா பிளோயர், உள்ள இருக்கிற காத்து பாதுகாப்பான்னு காட்டுற கேஸ் மீட்டர், வெளிய ஒருத்தர் காவல், இது மூணும் இல்லாம இறங்கவே கூடாது. சால்வென்ட் ஆவி காத்தை விட கனம், அடியிலயே தேங்கும், தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

முழுசா இறுகினதும் ஈர ஸ்பாஞ்ச் டெஸ்டர்ல பின்ஹோல் (கோட்டிங்ல விழுற ஊசி முனை ஓட்டை) தேடுங்க, 500 மைக்ரான் வரைக்கும் அது போதும், அதுக்கு மேல தடிமன்னா ஹை வோல்டேஜ் டெஸ்டர் வேணும். குடிதண்ணி பைப்னா அதுக்கு அங்கீகாரம் இருக்கிற பெயின்ட்தான், அதுவும் இறுகுற நாள் முடிஞ்சு கழுவின பிறகுதான் தண்ணி விடணும்.