டைப் ஒன்னோடு ஹாஸ்டலுக்குப் போகிற தங்கச்சிக்கு

எனக்கு டைப் ஒன் சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகிற வகை, வந்தது ஒன்பது வயதில். பதினெட்டில் திண்டுக்கல்லை விட்டு கோவைக்கு ஹாஸ்டலுக்குப் போனேன். அம்மா பெட்டியில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று மாத இன்சுலின் ஊசி மருந்தை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, "யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்" என்றார். நானும் சொல்லவில்லை. பாத்ரூமில் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டரை மணி. உடம்பெல்லாம் வேர்த்து, நைட்டி நனைந்து விழித்தேன். மீட்டரில் சர்க்கரை 48, ரொம்பக் குறைவு. சர்க்கரை பாக்கெட் பூட்டிய பீரோவில். சாவி கையில்தான் இருக்கிறது, ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். எழுந்து பார்த்த ரூம்மேட் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து நெற்றி நிறைய திருநீறு பூசினாள். பக்கத்து அறைப் பெண் மாம்பழ ஜூஸ் பாட்டிலோடு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

அதனால் முதல் வேலை, சேர்ந்த அன்று இரவே ரூம்மேட்டிடம் சொல்லிவிடு. கணையம், ஹார்மோன் என்று பாடம் நடத்தாதே. நான் பிறகு சொல்லப் பழகியது இவ்வளவுதான்: "சுகர் கூடினா நானே பார்த்துப்பேன். குறைஞ்சா எனக்கு மூளை வேலை செய்யாது, அப்ப நீதான் பார்க்கணும்." ஒரு தாளில் நான்கு வரி எழுதி பீரோக் கதவில் ஒட்டினேன்.

வேர்த்து, கை நடுங்கி, உளறினால் லோ, சுகர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.
மூன்று ஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கரைத்துக் கொடு.
மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வை.
உடனே 108, பிறகு வார்டன், பிறகு அப்பா.

அப்பாவின் நம்பர் கீழே பெரிதாக. அம்மாவின் நம்பரை எழுதவில்லை, அவர் போனிலேயே அழுதுவிடுவார்.

லோ கணக்கு உனக்கு மனப்பாடமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மீட்டரில் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதனை, ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், இரண்டு பிஸ்கட். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும். சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ பூட்டுக்குப் பின்னால் இருக்கவே கூடாது. தலையணைக்கு அடியில் ஒன்று, பையில் ஒன்று, லேப் கோட்டில் ஒன்று. எறும்பு வரும், வரட்டும். ஸ்போர்ட்ஸ் டே, கல்ச்சுரல்ஸ் என்று பகலெல்லாம் ஆடிய நாளில் லோ அன்று ராத்திரிதான் வரும். படுக்கும் முன் ஒருமுறை சோதனை செய்துவிட்டுப் படு.

அடுத்தது மருந்தை வைக்கிற இடம். அறையில் ஃபிரிட்ஜ் இருக்காது. திறக்காத மருந்தை வார்டன் மேடத்தின் ஃபிரிட்ஜில் கேட்டு வை. 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். திறந்த மருந்து வெளியே இருக்கலாம், பெரும்பாலானவை 28 நாள் வரை தாங்கும். திறந்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடு. ஆனால் ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை அடுப்பு மாதிரி. அதற்கு மண்பானைதான். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்று மணல், காலையும் மாலையும் மணலில் ஒரு சொம்பு தண்ணீர். மருந்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து உள்பானையில் இறக்கி ஈரத்துணியால் மூடு. ஜன்னலோரம், வெயில் படாமல், காற்று படும்படி வை. மணலில் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கோவைக் காற்றுக்கு எனக்கு நன்றாக வேலை செய்தது. சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவுக்குக் குளிராது.

சிரிஞ்ச் விஷயத்தை மட்டும் இரண்டு முறை படி. இங்கே கடையில் கிடைக்கும் சிறு புட்டி மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மாதிரி ஊசிக் கருவியில் போடுகிற மருந்து 100 யூனிட். பேனா கெட்டுப்போன ராத்திரியில் அதன் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 10 கோடு என்று நீ நினைப்பது உடம்புக்குள் 25 யூனிட்டாகப் போகும். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான். நாலு வாங்கி வைத்துக்கொள்.

போட்ட ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடாதே. நான் போட்டேன். கூட்டுகிற அக்கா கையில் குத்தியது, எனக்கு இன்னும் வெட்கம். விஷயம் வார்டன் வரை போய், போதை ஊசி என்று முடிவாகி, என் பீரோவைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். அப்பா ராத்திரி பஸ் பிடித்து டாக்டர் சீட்டோடு வந்த பிறகுதான் அடங்கியது. காலி ஃபினாயில் பாட்டில், கெட்டியான மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம். சேருகிற அன்றே டாக்டர் சான்றிதழ் நகல் ஒன்றை வார்டனிடம் கொடுத்துவிட்டால் இந்தக் கூத்தே கிடையாது.

மெஸ்ஸில் தட்டு கண்ணில் படும் முன் ஊசி போடாதே. பழைய ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி முன்னால் போட வேண்டும், அதனால் மெஸ் அண்ணனைக் கேட்டுக்கொள்: "பொங்கல் இறக்கியாச்சா?" கேஸ் தீர்ந்து டிபன் முக்கால் மணி தள்ளிப்போன காலையில் நான் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை தின்றேன். சோற்றுக்கு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டு போ, தினமும் அதே கிண்ணம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. கிண்ணத்தில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிட்டால் நாலு வருடத்துக்கும் கணக்கு கையில்.

காய்ச்சல், வாந்தி வந்தால் 'சாப்பிடவில்லையே' என்று ஊசியை நிறுத்துவோம். அதுதான் ஆபத்து. காய்ச்சலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது, அளவை டாக்டரிடம் போனில் கேள். 250-ஐத் தாண்டி, வாந்தியும் வயிற்று வலியும் இருந்து, மூச்சு ஆழமாக வாங்கினால் கீட்டோன், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேர்கிற அமிலம், ஏறியிருக்கலாம். ரூம்மேட்டை எழுப்பு, ஆட்டோ பிடி. விடியட்டும் என்று காத்திருக்காதே.

பரீட்சை. ஜேஇஇ, நீட் எழுதும்போது சர்க்கரை மாத்திரையும் பழமும் உள்ளே விட்டிருப்பார்கள். கல்லூரியில் அது தானாக நடக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் உண்டு, நம் டைப் ஒன் இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது, கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். எனக்கு இதில் கோபம் உண்டு. கோபத்தோடேயே செமஸ்டர் தொடங்கிய வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடு: மீட்டர், தண்ணீர், குளுக்கோஸ் உள்ளே அனுமதிக்க வேண்டும், லோ ஆனால் அந்த நேரத்தைக் கூட்டித் தர வேண்டும். கையெழுத்தான நகலை ஹால் டிக்கெட்டோடு பின் பண்ணு.

அறிவுரை நிறைய வரும். பாகற்காய் ஜூஸ், நாவல்கொட்டைப் பொடி, ஆவாரம்பூ, "எங்க மாமா ஊசியையே விட்டுட்டார்". மாமாவுக்கு இருப்பது வேறு சர்க்கரை, டைப் டூ. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, நமக்கு வந்த இதே நோய் வந்தவர்கள் பட்டினி கிடந்து எலும்பாகி இறந்துபோனார்கள். இதைச் சொல்லிப் பார். கேட்கவில்லையா, ஜூஸை வாங்கி ரோஜாச் செடிக்கு ஊற்று.

அம்மா தினமும் பத்துத் தடவை கூப்பிடுவார். ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்: காலை வெறும் வயிற்றுச் சோதனையின் போட்டோ மட்டும் வாட்ஸாப்பில், மற்றதைக் கேட்கக் கூடாது. மருந்து தீர்ந்து கையில் காசு இல்லாத வாரம் வந்தால் வீட்டுக்குச் சொல்லத் தயங்கி அளவைக் குறைக்காதே. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கே ஓ.பி. வரிசையில் நில்.

விடுமுறைக்குக் கிளம்பும்போது வார்டன் மேடத்தின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு பையை மூடு. பொங்கலுக்குப் போனபோது எனக்கு அது ஞாபகம் வந்தது பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகு. திண்டுக்கல்லில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே மருந்துக் கடைக்குப் போனேன்.